துணைக்கு வந்தவள்

வீட்டில் அவளுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். அம்மா வைத்தது. பொருத்தமில்லாத பெயர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பத்தாம் வகுப்பையும் பதினோராம் வகுப்பையும் கடைசி பெஞ்சில் கொட்டாவி விட்டே கழித்தவள். கேட்டால், "கடைசி வருஷத்துல பாத்துக்கலாம்" என்பாள். சொன்னபடியே கடைசி வருடம் விழுந்து விழுந்து படித்தாள், வகுப்பே வாயைப் பிளக்கும்படி மார்க்கும் வாங்கினாள். பல்கலைக்கழகமோ மூன்று வருட மார்க்கையும் சேர்த்துப் பார்த்தது. பழைய கொட்டாவிகள் அவளைக் காத்திருப்போர் பட்டியலில் கொண்டுபோய்த் தள்ளின.

முதல் பட்டியலில் பெயர் இல்லை என்று வீட்டில் ஒருமுறை அழுது முடித்தாகிவிட்டது. மறுபடி ஆசை காட்டி மறுபடி அழவைப்பானேன் என்று காத்திருப்போர் பட்டியலைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. காலையில் கிளம்பும்போதுகூட, "சிட்டுவுக்கு அட்மிஷன்மா. துணைக்குப் போயிட்டு வரேன்" என்றுதான் சொன்னாள். சிட்டு அவளுடைய பள்ளித் தோழி. இருவருக்கும் கட்டடக்கலை மேல் ஆசை. சிட்டுவுக்கு முதல் பட்டியலிலேயே இடம் கிடைத்துவிட்டது.

பல்கலைக்கழகக் கூடத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் சுற்றி ஒரு குடும்பம். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டும் அம்மாக்கள், ஃபைலால் விசிறிக்கொள்ளும் அப்பாக்கள். அவள் பக்கத்து நாற்காலியில் அவளுடைய பை மட்டும் இருந்தது. மேசையிலிருந்த கிளார்க் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு எண்களைக் கூப்பிட்டார். மூன்று தடவை கூப்பிட்டும் ஆள் வராவிட்டால், அந்த இடம் காத்திருப்போரில் முதலில் இருப்பவருக்கு. அது அவள்தான்.

முகம் தெரியாத யாரோ ஒருத்தி வராமல் போகட்டும் என்று காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தாள். ஆனால் முகம் தெரியாதவர்கள் எல்லாரும் ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டார்கள். கட்டடக்கலையில் மிச்சம் ஒரே எண், சிட்டுவின் எண். கிளார்க் அதைக் கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை.

ஏன் என்று அவளுக்குத் தெரியும். அட்மிஷனைப் பழைய கூடத்திலிருந்து புதுக் கட்டடத்துக்கு மாற்றி, வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். அறிவிப்பு படிக்கிற பழக்கமெல்லாம் சிட்டுவுக்குக் கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பரீட்சைக்கும் எந்த அறை என்று பார்த்துச் சொன்னது இவள்தான்.

கையில் போன் அதிர்ந்தது. சிட்டு. எடுக்கவில்லை. நின்று, மறுபடி அதிர்ந்தது. கிளார்க் இரண்டாம் தடவை கூப்பிட்டார். இன்னும் ஒரே தடவைதான். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். சும்மா உட்கார்ந்திருப்பதில் அவளை அடிக்க ஆள் உண்டா என்ன?

போனை எடுத்தாள்.

"எங்கடி இருக்கே? இங்க எல்லாம் பூட்டிக் கெடக்கு" என்று அழுதாள் சிட்டு.

"புதுக் கட்டடம். மாடிக்கு ஓடி வா."

பிறகு எழுந்து நின்றாள். "சார், அந்தப் பொண்ணு வந்துட்டிருக்கா."

கிளார்க் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். காலையில் அவளுடைய சான்றிதழ்களைச் சரிபார்த்தவர் அவர்தான். "அடுத்தது நீதானேம்மா?" என்றார் மெதுவாக.

அவள் தலையசைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் வெகுநேரம் துடைத்தார். அத்தனை பேர் இருந்த கூடத்தில் அவள் எதற்கு வந்தாள் என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

சிட்டு வேர்த்து விறுவிறுத்து வந்தாள், பின்னாலேயே அவள் அப்பா, அம்மா, தம்பி. கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "ஹால் எங்கன்னு பாத்து வைக்கவாடி இவ்ளோ சீக்கிரமா வந்தே?"

"பின்ன வேற எதுக்கு?"

"எங்ககூட கார்ல வந்துடேன்" என்றார் சிட்டுவின் அப்பா. வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டாள்.

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அம்மா போனில் கூப்பிட்டாள். "என்னடி, கெடைச்சுதா?"

கேள்வி தனக்கானது என்று ஒரு நொடி நினைத்துவிட்டாள்.

"கெடைச்சுதும்மா. சேந்துட்டா."

"நல்லவேளை, நீ துணைக்குப் போனே" என்றாள் அம்மா.