ஒரே எலும்புக்கு இரண்டு முடிவு

பதினெட்டு வயதாகும் என் மகளுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. சிறுநீரகம் கெட்டால் எலும்பும் வலுவிழக்கும் என்று ஸ்கேன் எடுக்க அனுப்பினார்கள். எடுத்து முடித்ததும் டெக்னீஷியன் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "என்ன இனம்னு போடணும்மா?" என்றார்.

நானும் என் கணவரும் வேறு வேறு இனம். மூக்கு எங்களுடையது, முன்கோபம் உங்களுடையது என்று இரண்டு வீட்டாரும் இவளை இன்னும் பங்கு பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். எலும்புக்கு இதுவரை யாரும் சண்டைக்கு வரவில்லை.

"ரெண்டையும் போடுங்க."

"ஒண்ணுதாம்மா போட முடியும்."

என் இனத்தைப் போட்டார். எலும்பு பரவாயில்லை என்று வந்தது. அப்பாவின் இனத்துக்கு மாற்றினார். வலு குறைவு என்று வந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏங்க, அதே பொண்ணு, அதே எலும்புதானே?"

"எலும்பு அதேதாம்மா. யாரோட எலும்போட ஒப்பிடறோம்ங்கறதுதான் மாறுது. எதை வெச்சுக்கட்டும்?"

மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஸ்கேன் மேசையிலிருந்து மெல்ல இறங்கினாள்.

"எதை வேணாலும் வெச்சுக்கங்க அண்ணா. முட்டி வலியில மாடிப்படி ஏற முடியலைன்னு எங்க போடணும்?"

அவர் திரையை மேலும் கீழும் நகர்த்தித் தேடினார். நிஜமாகவே தேடினார்.