அச்சா என்று அனுப்பிய ஒப்புதல்

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, டெல்லி மயூர் விஹார் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்கு ஒரு சிறிய அட்டைப்பெட்டி வந்து சேர்ந்தது. கனிமொழி அதைப் பிரித்தாள். பஞ்சுக்குள் ஒரு மணமகனும் ஒரு மணமகளும் நின்றார்கள். இருவரும் கட்டைவிரல் உயரம்கூட இல்லை. அரக்குச் சேலை கட்டிய மணமகள், இரு கைகளிலும் மாலை ஏந்தித் தலை குனிந்திருந்தாள்.

கனிமொழி ஆறு ஆண்டுகளாகச் ‘சின்னப்படை’ என்னும் யூடியூப் சேனலின் முகம். விரலளவுப் போர்வீரர்களுக்கு வண்ணம் தீட்டுவதையும், அவர்களை மேசையில் அணிவகுத்து, பகடை உருட்டி, அளவுநாடா பிடித்துப் போர் நடத்துவதையும் தமிழில் கற்றுக்கொடுக்கும் சேனல் அது. இரண்டு லட்சம் பேர் அதைப் பார்த்தார்கள். பாதிப்பேர் வண்ணத்துக்காக வந்தவர்கள். மீதிப்பேர் அவளுடைய தமிழுக்காக வந்தவர்கள். டெல்லியில் பிறந்த பெண்ணுக்கு ழகரம் பிசகவில்லை பார் என்று அவளைக் காட்டித் தங்கள் பிள்ளைகளைக் கடிந்துகொண்ட பெற்றோர் பலர்.

இன்று அவளுடைய கடைசிப் பதிவு. திங்கள் முதல் நொய்டாவில் ஒரு விளையாட்டு நிறுவனத்தில், கணினியில் உருவங்களைச் செதுக்கும் வேலை. பிறர் வடித்தவற்றுக்கு ஆறு ஆண்டு வண்ணம் பூசியவள், இனித் தானே வடிக்கப் போகிறாள். விலகுவதற்குக் காரணம் அதுதான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

“யாரு அனுப்பினதுக்கா?” என்றாள் ப்ரீதா. அடுத்த வாரம் முதல் கனிமொழியின் நாற்காலியில் அமரவிருப்பவள். சென்னையிலிருந்து வந்து இரண்டு ஆண்டு ஆனவள்.

“கரோல் பாக் ஜோதிலிங்கம் சார். போன வருஷம் போட்டில ஜெயிச்சாரே, அவரு. உள்ள லெட்டர் இருக்கு பாரு. நீயே படியேன், எனக்குக் கண்ணு எரியுது.”

ப்ரீதா படித்தாள். “அன்புள்ள கனிமொழி அவர்களுக்கு. நேற்று மாலை தங்கள் திருமண அறிவிப்பைக் கண்டதும் உட்கார்ந்து முடித்தேன். மாப்பிள்ளையின் மீசை மட்டும் என் கற்பனை. பொருந்தாவிட்டால் மன்னிக்கவும்.”

“யாருக்குத் திருமணம்?”

“உங்களுக்குத்தான்கா. சேனல்ல போட்டிருக்கே. எங்கிட்டகூடச் சொல்லலையேன்னு நானே கோவமா இருக்கேன்.”

பிரிவைப் பற்றி மற்றவர்கள் எழுதுவதைப் பதிவு முடியும்வரை பார்ப்பதில்லை என்று கனிமொழி முடிவு செய்திருந்தாள். இப்போது ப்ரீதா தன் தொலைபேசியைத் திறந்து வாசித்தாள். கனிமொழி திருமண வாழ்வில் அடியெடுத்து வைப்பதால் சேனலிலிருந்து விடைபெறுகிறார் என்றது அறிவிப்பு. அதன்கீழ் நாலாயிரம் வாழ்த்துகள்.

சேனலைத் தொடங்கியவரும் கேமராவைப் பிடிப்பவருமான கௌதமன் அடுத்த அறையில் விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார். ஈரோட்டுக்காரர், வார நாட்களில் மத்திய அரசு அலுவலகத்தில் வேலை.

“அண்ணா, எனக்குக் கல்யாணமாமே.”

“அதுவா.” அவர் ஸ்டூலிலிருந்து இறங்கினார். “நானாத்தான் எழுதினேன், கண்ணு. வேலைக்குப் போறேன்னு போட்டா, நமக்குள்ள சண்டைம்பாங்க, காசுக்கு ஓடிட்டாம்பாங்க. கல்யாணம்னா ஒருத்தனும் கேள்வி கேக்க மாட்டான். உன் நல்லதுக்குத்தான்.”

“மாப்பிள்ளை யாருன்னும் சொல்லிட்டீங்கன்னா எனக்கு வசதியா இருக்கும்.”

ப்ரீதா சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கௌதமன் சிரிக்கவில்லை. “தப்புத்தான். ஆனா உனக்கு அனுப்பிக் கேட்டுட்டுத்தான போட்டேன்? படிச்சுட்டு அச்சான்னு பதில் போட்டியே.”

நியாயமான கேள்வி. அதற்கு அவளிடம் ஒரே ஒரு விடைதான் இருந்தது. அந்த விடையைத்தான் அவள் ஆறு ஆண்டுகளாக மறைத்து வைத்திருந்தாள்.

கனிமொழிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. வீட்டில் திருநெல்வேலித் தமிழ். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும். பேச்சைக் கொடுத்த வீடு எழுத்தைக் கொடுக்க மறந்தது. உரையை வாய்மொழியாகப் பதிந்து அனுப்பும்படி கௌதமனிடம் சொல்லுவாள். கேட்டு, இந்தி எழுத்தில் அட்டையில் எழுதி, தன் பக்கம் மட்டும் தெரியும்படி கேமராவுக்குக் கீழே ஒட்டிக்கொள்வாள்; பதிவு முடிந்ததும் எடுத்துவிடுவாள். ஊர் மெச்சிய அந்த ழகரம், அட்டையில் இந்தி ‘ல’வுக்குக் கீழே வைத்த ஒரு புள்ளி. நேற்று மாலை, நெரிசல் மிகுந்த மெட்ரோவில், நீண்டதொரு தமிழ்ப் பத்தி வந்தது. அனுப்பியவர் கௌதமன் அண்ணன்; தவறாக என்ன எழுதிவிடப் போகிறார்? அச்சா என்று அனுப்பிவிட்டாள்.

ஓர் ஆண் விலகினால் உலகம் காரணம் கேட்கிறது. ஒரு பெண் விலகினால் முகூர்த்த நாள் கேட்கிறது. யாரும் கேள்வி கேட்காத காரணம் என்றாரே கௌதமன், கேள்வி நுழையாத இடத்தில்தான் பொய் வாடகையின்றிக் குடியிருக்கிறது. அதை வெளியேற்ற அவள் விரும்பினாள். ஆனால் அதை வெளியேற்ற வேண்டுமானால், தன் பொய்யை முதலில் வெளியேற்ற வேண்டும். படிக்காமல் ஒப்புதல் தந்தவள் என்று சொல்லியாக வேண்டும்; படிக்கத் தெரியாதவள் என்றும் சொல்லியாக வேண்டும். தமிழுக்காக அவளைப் போற்றிய லட்சம் பேர் முன்னால்.

“இன்னிக்கு ஒண்ணும் பேசாம உட்ரு,” என்றார் கௌதமன். “ராத்திரியே அந்த நோட்டீஸ எடுத்துடறேன். நாலு மாசத்துல மறந்துருவாங்க.”

எளிய வழி, யாருக்கும் காயமில்லாத வழி. கனிமொழி மணமகளைக் கையில் எடுத்தாள். குனிந்த தலையைச் சற்று நேரம் பார்த்தாள்.

“லைட்டப் போடுங்கண்ணா.”

கேமராவுக்கு முன்னால் மணமகளை நிறுத்தினாள். கீழே ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“வணக்கம். இது ஜோதிலிங்கம் சார் அனுப்பின பொண்ணு. சேலை மடிப்புல நிழல் எவ்வளவு அழகா இறக்கிருக்கார் பாருங்க. ஆனா எனக்குக் கல்யாணம் இல்ல. நொய்டால வேலை கெடச்சிருக்கு, பொம்மை செதுக்குற வேலை. அதுக்காகத்தான் போறேன். அந்த அறிவிப்ப அண்ணன் எனக்குக் காட்டிட்டுத்தான் போட்டாங்க. நாந்தான் சரின்னேன். மத்லப், அதாவது, அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல. எனக்குத் தமிழ் வாசிக்க வராது.” அட்டையைத் திருப்பிக் காட்டினாள். கோட்டில் தொங்கும் இந்தி எழுத்துகள் வரிசையாகத் தெரிந்தன. “ஆறு வருஷமா இதப் பாத்துத்தான் பேசுதேன்.”

கேமராவுக்குப் பின்னால் கௌதமனின் வாய் சற்றே திறந்தது. கை மட்டும் பழக்கத்தால் அட்டையை நோக்கிக் குவியத்தைத் திருப்பியது. பதிவை அவர் நிறுத்தவில்லை.

அவள் மெல்லிய கத்தியை எடுத்தாள். மணமகளின் மாலையை இரு கைகளிலிருந்தும் பிரித்து எடுத்தாள். “கோவிச்சுக்காதீங்க சார். மாலைய டப்பால பத்திரமா வைக்கிறேன், வேற யாருக்காவது ஆகும்.” ஊசிக்கம்பியைக் கடுகளவு நறுக்கி, நுனியில் ஓர் இழை மயிர் ஒட்டித் தூரிகையாக்கி, மணமகளின் வலக்கையில் பொருத்தினாள். இடக்கையில் மிளகளவு வண்ணக் கிண்ணம். ஜனவரிக் குளிரில் பசை மெதுவாகத்தான் பிடித்தது. அதுவரை விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். தலையை அவள் தொடவேயில்லை. ஆனால் அந்தப் பெண் இப்போது நாணிக் குனிந்தவளாகத் தெரியவில்லை. கையிலிருந்த வேலையைப் பார்த்துக் குனிந்தவளாகத் தெரிந்தாள்.

“இப்ப பேரு போடணும்,” என்றாள். தன் பெயரில் பார்த்துப் பழகிய ஓரிரு எழுத்துகளை நினைவுகூர்ந்து, மிக நுண்ணிய தூரிகையால் பீடத்தில் ‘க’ எழுதினாள். அடுத்து ஒரு வளைவு போட்டு, அதன் வலப்புறத்தில் ‘ன’ எழுதினாள்.

“அக்கா,” என்றாள் ப்ரீதா தாழ்ந்த குரலில், “வளைவு அந்தப் பக்கம் இல்ல. ‘ன’வுக்கு இந்தப் பக்கம்.”

“அப்படியா? ஹிந்தில அந்தப் பக்கந்தான வரும்.”

கௌதமன் கேமராவுக்குப் பின்னாலிருந்து கேட்டார். “இந்த எடத்த வெட்டிரட்டுமா, கனி?”

“வேண்டாம்ணா. இருக்கட்டும்.”

ஈரத் தூரிகையால் வளைவைத் துடைத்து, வலப்புறத்தில் போட்டாள். பிறகு ப்ரீதா ஒரு தாளில் பெரிதாக எழுதிக் காட்டிய ‘மொ’வைப் பார்த்தாள். தூரிகை அந்தரத்தில் நின்றது.

“இதென்ன,” என்றாள், “இதுக்கு ரெண்டு பக்கமும் வேலை இருக்கு.”