கிலுகிலுப்பையும் நானும்

கப்பல் வேலையிலிருந்து விடுப்பில் கிளம்பும் முன், மகளுக்கு ஒரு கிலுகிலுப்பை தேடிக் கடைக்காரரின் உயிரை வாங்கிவிட்டேன். டிஷ்யூ ரோலின் அட்டைக் குழாயைக் கையோடு கொண்டுபோய், அதற்குள் நுழைகிற பொம்மைகளையெல்லாம் ஒதுக்கினேன். அதில் நுழைந்தால் குழந்தையின் தொண்டையிலும் சிக்கும். துணிக்கரடியின் கண்ணை இழுத்துப் பார்த்தேன், பிய்ந்து வந்துவிட்டது.

"குழந்தைக்கு எத்தனை மாசம் சார்?" என்றார் கடைக்காரர், கடுப்பை அடக்கிக்கொண்டு.

"எட்டு," என்றேன். இன்னும் நேரில் பார்த்ததில்லை என்பதைச் சொல்லவில்லை.

வீட்டில் என்னைக் கண்டதும் மகள் வீறிட்டு அழுதாள். மனைவி என் கையிலிருந்து கிலுகிலுப்பையை வாங்கி அவளிடம் கொடுத்ததும் அழுகை நின்றது. கடித்தாள், உதறினாள், அதைப் பார்த்துச் சிரித்தாள். நான் ஓரடி நெருங்கினேன், மறுபடி ஆரம்பித்தாள்.

"புதுசா எதையும் மூஞ்சிக்கு நேரா நீட்டக் கூடாதுங்க," என்றாள் மனைவி. "முதல்ல தள்ளி வச்சுக் காட்டணும். பழகப் பழகத்தான் பக்கத்துல கொண்டுவரணும்."

"பொம்மையையா சொல்றே?"

அவள் ஒரு நாற்காலியை எடுத்து அறையின் கோடியில் போட்டாள். நான் போய் உட்கார்ந்து, அசையாமல் இருந்தேன்.