பின்னால் ஓடியவள்

குண்டசாலை மைதானத்துச் சுவரில் ஓர் இடத்தைப் பூசாமல் விட்டிருந்தார்கள். பெயர்க்கல் அங்கேதான் பதிக்கப்படும். விளையாட்டு அலுவலகத்து நிரோஷா பைலைத் திறந்து தாளை நீட்டினாள்.

"பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க டீச்சர். நாளைக்கு வெட்டக் குடுக்கணும். பிழை இருந்தா இப்பவே சொல்லிடுங்க. போன கல்லுல ஒரு மந்திரியோட அப்பா பேர விட்டுட்டேன். இன்னும் ஏச்சு வாங்குறேன்."

ராஜலிங்கம் ரத்தினம்மா. எண்ணூறு மீற்றர். தேசிய சாதனை. தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து நாட்டுக்காக ஓடிய முதல் பெண்.

டீச்சர் பேனாவைத் திறக்கவில்லை. கல்லில் ஏறிவிட்டால் பிறகு சொல்ல முடியாது.

"பேரு பிழை."

"எந்த எழுத்து?"

"எல்லா எழுத்தும். என் பேரு தவமலர். ரத்தினம்மா என் அக்கா."

நிரோஷா சிரித்தாள். "அப்ப ஓடினது அக்காவா?"

"அக்கா ரெண்டு வயசுல காய்ச்சல்ல செத்துட்டா."

நிரோஷா பைலை மூடினாள்.

மூத்தவள் பிறந்தபோது அப்பா மலை இறங்கிப்போய்ப் பதிந்து வந்தார். அவள் செத்ததைப் பதியவில்லை. அடுத்த வருடம் பிறந்தவளையும் பதியவில்லை. தோட்டத்தில் அவரைப் போல நிறையப் பேர். பள்ளியில் பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். வீட்டில் இருந்தது ஒரு பத்திரம்தான். "பேரு சும்மாதானே கெடக்குது, நீ எடுத்துக்க" என்றார் அப்பா.

அந்தப் பெயரில் ஓடினாள். கடைசி வளைவில் பின்னால் காலடிகள் கேட்கும். செருப்பில்லாத, சின்னக் கால்கள். பள்ளிப் போட்டியில் கேட்டன. கொழும்பில் கேட்டன. கடல் தாண்டியும் வந்தன. திரும்பிப் பார்க்காத பிள்ளை என்று பயிற்சியாளர் மெச்சினார். பயத்தில்தான் அவள் ஓடினாள்.

வானொலியில் "ரத்தினம்மா முதலாவது" என்று சொன்னபோது அம்மா அழுதாளாம். எந்தப் பிள்ளைக்காக என்று தவமலர் கடைசிவரை கேட்கவில்லை.

"மாத்தலாம் டீச்சர்," என்றாள் நிரோஷா. "இதுதான் என் பேருன்னு சத்தியக்கடதாசி குடுங்க. விசாரிப்பாங்க, கொஞ்ச நாளாகும். ஓடினது உங்க காலு. உங்க பேரு வரணும்."

"அந்தப் பேரு?"

"எல்லாப் பதிவுலருந்தும் எடுத்துருவாங்க. அப்படி ஒருத்தி ஓடவே இல்லையே." பிறகு மெதுவாகக் கேட்டாள். "அக்காவ எங்க வச்சீங்க?"

"ஏழாம் நம்பர் மலையில. கல்லு ஒன்னும் வைக்கல. அந்த இடத்துல மறுபடி தேயிலை நட்டுட்டாங்க."

தவமலர் எழுந்தாள். ஒரு முழங்கால் மடங்காது. வெயிலில் ஓடுபாதையோரமாகக் கடைசி வளைவுவரை நடந்தாள். வெறும் மைதானம். வளைவில் காலடிகள் கேட்டன. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவள் நின்றாள். அவையும் நின்றன. மிக அருகில்.

திரும்பி வந்து பேனாவைத் திறந்தாள். ரா. ரத்தினம்மா என்று எழுதினாள். வேறு கையெழுத்து அவளுக்குத் தெரியாது.

"டீச்சர், உங்க பேரு?"

"எனக்குச் சொல்லிக்க வாய் இருக்கு. பொறந்த தேதியையும் சேர்த்து வெட்டச் சொல்லு பிள்ளை. பத்திரத்துல உள்ள தேதி."

"செத்த—"

"அது வேணாம்."

நிரோஷா ஆட்டோவில் ஏறினாள். கூட வரும்படி கூப்பிட்டாள். தவமலர் பஸ்ஸில் போவதாகச் சொன்னாள்.

மைதானத்து வாசல்வரை தனியாக நடந்தாள். கதவைத் திறந்து வெளியே வந்தாள். உடனே மூடவில்லை. ஒரு குழந்தை தாண்டி வருமளவு நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள்.