யமலிங்கத்திலிருந்து ஆரம்பித்தால்

1

இந்தக் கதை ஒரு பயத்திலிருந்து பிறந்தது. பெரிய எழுத்தாளர்களுக்கு மலையைப் பார்த்தாலே கதை வரும். எனக்குக் குழந்தைகள் ஆஸ்பத்திரி வரிசையில் உட்காரும்போது வருகிறது. எழுந்து வந்துவிடுவேன்.

2

‘அண்ணாமலை உச்சியில் மேகம் தவழ்ந்த அந்த 2006ஆம் ஆண்டுக் காலையில்...’ (வேண்டாம். மேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

செங்கம் ரோட்டில், ஜூஸ் கடை மாடியில், மூன்று கம்ப்யூட்டரோடு ஒரு சர்வதேச மென்பொருள் நிறுவனம். சர்வதேசம் போர்டோடு சரி. குழந்தையின் எடையைப் போட்டால் எத்தனை மில்லி மருந்து என்று சொல்லும் புரோகிராமை முதலாளி சக்கரவர்த்தி ஓர் ஆஸ்பத்திரிக்கு விற்றிருந்தார். அதைச் சோதிக்க, கோபி என்பவன் எட்டு டெஸ்ட் எழுதினான். கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்கள்தான் அவற்றின் பெயர்கள்: இந்திரனில் தொடங்கி ஈசான்யத்தில் முடியும். எட்டும் தேறினால் திரையில் பச்சைப் பட்டை, ஒன்று தவறினாலும் சிவப்பு. சக்கரவர்த்தி அந்தப் பட்டையைப் பிரிண்ட் எடுத்து, ஃபிரேம் போட்டு, சந்தனம் வைத்தார்.

3

பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் தொடக்க விழா. எட்டு மணிக்கு, வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமான சிந்துஜா மூன்றாவது டெஸ்டான யமலிங்கத்தை மட்டும் தனியாக ஓட்டிப் பார்த்தாள். சிவப்பு.

“சார், இந்திரலிங்கத்துல ஒருதரம் எடை போட்டதோட சரி. மத்த ஏழும் அதையே வச்சி ஓடிக்கினு இருக்குது. ஒவ்வொரு டெஸ்டும் சுத்தமா ஆரம்பிக்கணும் சார்.”

“ஏம்மா, யாராவது யமலிங்கத்துல கிரிவலம் ஆரம்பிப்பாங்களா? வரிசையா வந்தா பச்சதானே?”

“புரோகிராமே போன புள்ளையோட எடைய மறக்க மாட்டேங்குது சார். நர்சம்மா எடை போட மறந்தாங்கன்னா, அடுத்து வர்ற கைக்குழந்தைக்குப் பெரிய புள்ளையோட டோஸ சொல்லிடும்.”

“பத்திரிகை அடிச்சாச்சு. உனக்குப் பயம் ஜாஸ்தி, பக்தி கம்மி.” சக்கரவர்த்தி மாலை வாங்கப் போனார். தனக்குத்தான்.

சிந்துஜா கோபியிடம் திரும்பினாள். “நீங்களாச்சும் ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போடுங்கண்ணா. நான் சொன்னா யார் நீன்னு வச்சிடுவாங்க. எழுதினது நீங்கதானே?”

கோபி போனை... (இந்த வாக்கியம் நகரவில்லை. கோபிக்கு மீசை வைத்துப் பார்த்தேன், அடி அண்ணாமலையில் வீடு கொடுத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. கோபி என்று யாரும் கிடையாது. எட்டையும் எழுதியவன் நான்.)

4

முடிவு அ: நான் போன் செய்தேன். (எத்தனை மணிக்கு என்று கேட்காதீர்கள்.)

முடிவு ஆ: நர்ஸ் எடை போட மறக்கவில்லை.

மேலே உள்ள பகுதிகளோடு சேர்த்துப் படித்தால் இரண்டுமே தேறும். முதலாளி பிடிவாதக்காரர், எனக்கு முதல் வேலை, பத்திரிகை வேறு அடித்தாகிவிட்டது. பச்சை. இத்தனை வருடமாக நான் அப்படித்தான் படித்துவருகிறேன்.

5

சிந்துஜா செய்ததைப்போல, இதை மட்டும் தனியாகப் படியுங்கள். மேலே சொன்ன சமாதானம் எதுவும் நினைவில் நிற்கக் கூடாது.

மணி பத்தேகால். கைதட்டல் ஓய்ந்துவிட்டது. முப்பது கிலோ சிறுமி ஒருத்தி மருந்தோடு வெளியே போகிறாள். அடுத்து ஒரு தாய், மடியில் எட்டு மாதக் குழந்தை. எடை மெஷின்மேல் விழா மாலைகள் குவிந்து கிடக்கின்றன. நர்ஸ் அருணாதேவி திரையைப் பார்த்துவிட்டு மருந்துப் பாட்டிலைத் திறக்கிறார். ஜூஸ் கடை மாடியில் போன் என் கையில் இருக்கிறது. மூன்று எண்கள் அழுத்தியிருக்கிறேன்.

பட்டை என்ன நிறம்? நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். நான் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன்.