பவுடருக்குக் கீழே

நர்ஸ் பஞ்சால் துடைத்ததும் பவுடர் கலைந்து, தையல்காரியின் கன்னத்தில் மெல்லிய ரத்தக் குழாய்கள் சிவப்புக் கொடிகளாகத் தெரிந்தன. ஈ காக்கைக்குக்கூடத் தெரியாமல் இருபது வருஷம் மறைத்து வைத்தவை.

"லேசர் பட்டா குழாய்க்குள்ள ரத்தம் சூடாகும். குழாய் சுருங்கி மூடிக்கும். அப்புறம் உடம்பே மெல்லக் கரைச்சிடும்," என்றார் டாக்டர்.

துணைக்கு வந்த எட்டு வயது மகள் எழுந்து வந்து உற்றுப் பார்த்தாள். அவள் கன்னத்திலும் அதே கொடிகள்தான். பள்ளியில் கேலி செய்தார்கள் என்று அழுதுகொண்டு வரும்போதெல்லாம் அம்மா அவற்றைத் தடவி, "எவ்வளவு அழகு தெரியுமா!" என்பாள்.

"உனக்கும் இருக்காம்மா?"

தையல்காரி தலையாட்டினாள்.

"அழகுன்னு சொன்னியே. அப்புறம் ஏன் எரிக்கச் சொல்ற?"

லேசர் ஒளி படாமல் கண்ணை மறைக்கும் கறுப்புக் கண்ணாடியை டாக்டர் நீட்டினார். வாங்கத் தையல்காரிக்குக் கை எழவில்லை.