வரிசையில் கடைசியாக நின்றவர்

தெருமுனையில் நின்ற கம்பெனி பஸ் காதை ஆட்டியபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

மார்கழிப் பனி. எதிரே வருபவரின் மூக்கே தெரியாத விடிகாலை. காற்றில் சாணி வாசனை இருந்தது. தெருநாய் ஒன்றுகூடக் குரைக்கவில்லை. இதையெல்லாம் பிறகு யோசித்துச் சொல்கிறேன். அப்போது நான் பல் விளக்கியபடி போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர்க் குழுவில் ‘இன்று யானை நடமாட்டம் இல்லை’ என்று போட்டிருந்தார்கள். நிம்மதியாக வாய் கொப்பளித்தேன்.

பஸ் மறுபடியும் காதை ஆட்டியது.

அதை ஒட்டி, முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் வரிசையாக நின்றார்கள். எல்லார் முகத்திலும் போன் வெளிச்சம். கடைசியில் லாவண்யா, காதில் இயர்போனோடு. விருதுநகர்ப் பக்கத்துப் பெண். என் லைன் வீட்டில் குடியிருக்கிறாள். அவள் குழந்தை என் வீட்டுக்குள் என் மனைவி சென்னம்மாளின் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் அதைத் தூக்கிக்கொள்ள அவள் வந்தாக வேண்டும்.

பஸ்ஸில் ஏறும்போது மெஷினில் கார்டை வைத்துப் ‘பீப்’ வந்தால்தான் வருகைக் கணக்கு. வரிசையில் முதலாவதாக நின்ற மாதவன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கார்டை யானையின் காலில் வைத்தான்.

“பீப் வரலடா.”

“தேய்ச்சுப் பாரு மாதவா.”

தேய்த்தான். யானை காலைத் தூக்கித் தள்ளி வைத்தது.

“டிரைவரண்ணே, ஏறதுக்குள்ள எடுக்காதீங்க!”

கத்தினால் யானை மிரளும். லாவண்யாவைப் போனில் கூப்பிடலாமென்றால், அவள் ரிங்டோன் தாரை தப்பட்டையோடு ஒரு குத்துப்பாட்டு. வீட்டுக்காரன் என்ற பாவத்துக்கு என்னைப் பஸ் குழுவிலும் சேர்த்திருந்தார்கள். அதில் தட்டினேன். ‘யானை’ என்று எழுதினால் சென்னகிருஷ்ணன் கதைவிடுகிறான் என்று சிரிப்பார்கள். ஊரில் எனக்கு இருக்கும் பெயர் அப்படி. அதனால் இப்படி எழுதினேன்: ‘பஸ் இன்று கோயில் வளைவுக்கு வரும்.’

எல்லாப் போனும் ஒன்றாய்ச் சிணுங்கின. யானை தும்பிக்கையைத் தூக்கியது. சென்னம்மாளை எழுப்பலாமா, குழந்தையை எழுப்பிவிடுவோமா என்று நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

“சொல்றதுக்கு ஒரு நேரம் வேணாமா?” என்று மாதவன் திட்டினான். வரிசை கலையாமல் அவன் பின்னாலேயே திரும்பி நடந்தது. ஒருவரும் நிமிரவில்லை.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். யானையும் விட்டது. பிறகு லாவண்யாவின் பின்னால் வரிசையில் சேர்ந்துகொண்டது.

செருப்பைக்கூடப் போடாமல் பின்னாலேயே போனேன். தும்பிக்கை அவள் தோள் பையைத் தடவியது. பையில் ராகிக் களி. முந்தின ராத்திரியே சென்னம்மாள்தான் கட்டிக் கொடுத்திருந்தாள். லாவண்யா திரும்பாமலே பையை முன்பக்கம் இழுத்துக்கொண்டாள். “தள்ளி நில்லுங்கண்ணே, இடமா இல்ல?”

யானை தள்ளி நின்றது. சத்தியம்.

வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், நிஜ பஸ் எதிரே வந்து நின்றது. டிரைவர் மாதப்பன் தேன்கனிக்கோட்டைக்காரர்; யானை பழகிய ஊர். பார்த்தார். ஹாரனிலிருந்து கையை மெல்ல எடுத்துவிட்டுக் கதவைத் திறந்தார். பீப், பீப் என்று ஒவ்வொருவராக ஏறினார்கள். லாவண்யாவும் ஏறினாள். அடுத்தவர் ஒரு காலைப் படியில் வைத்தார். பஸ் சாய்ந்தது.

“கார்டு இல்லாதவங்களுக்கு எடமில்ல சாமி,” என்று மாதப்பன் மெதுவாகச் சொல்லிவிட்டு, வண்டியைப் பின்பக்கமாகவே எடுத்துக்கொண்டு போய்விட்டார். யானை கொஞ்ச நேரம் பஸ் போன திசையைப் பார்த்துவிட்டுப் பனிக்குள் போனது. எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் லாவண்யா வந்ததும் நடந்ததைச் சொன்னேன். “ஆரம்பிச்சிட்டீங்களா தாத்தா,” என்று போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். “குரூப்ல ஒண்ணுமே வரலயே. எவனோ ஒருத்தன் கழுத்துல மூச்சு விட்டுக்கிட்டே வந்தான், அது மட்டும் நெசம். நாளைக்கு வரட்டும், திரும்பி ஒரு அறை விடுறேன்.”

அதற்குள் குழந்தை வாசலில் இறங்கிவிட்டது. வட்டமான ஒரு குழியில் கையை விட்டு மண்ணை அளைந்துகொண்டிருந்தது. காலையில் அந்தக் குழி அங்கே இல்லை.

“இதை மொதல்ல மூடுங்க தாத்தா, புள்ள விழுந்துரும்,” என்றாள் லாவண்யா.

குழியின் விளிம்பில் பதிந்திருந்த நகத் தடங்கள் வீட்டைப் பார்த்து இருந்தன. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். நாய்கள் குரைக்கின்றனவா என்று காது கொடுத்துக் கேட்டேன்.